நிகழ்தகவில் எட்டுக் கணக்கு மீதி

தமிழ்நாட்டில் இதுவரை கணக்குப் பாடம் நடத்திய அத்தனை பேரையும் மாமல்லபுரம் கடற்கரையில் வரிசையாக நிற்க வைத்தால், அந்த வரிசையில் எங்கள் போர்ஷன் சார் மட்டும் இருக்க மாட்டார். மற்றவர்கள் அங்கே நிற்கிற நேரம் பார்த்து, அவர்களுடைய வகுப்புகளில் புகுந்து பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மாதம் ஒருமுறை சம்பளப் பட்டியலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மற்றபடி பிள்ளைகளுக்கும், ஆசிரியர்களுக்கும், எதிர் டீக்கடைக்காரருக்கும் அவர் போர்ஷன் சார்தான். யாரைப் பார்த்தாலும் அவர் சௌக்கியமா என்று கேட்டதில்லை. "போர்ஷன் எங்க கீது?" என்பார். பாடத்தில் எதுவரை வந்திருக்கிறாய், இன்னும் எவ்வளவு மீதி என்று அர்த்தம். ஆசிரியர்களைக் கேட்டால் நியாயம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கல் பட்டறையில் பிள்ளையார் செதுக்கிக்கொண்டிருந்தவரையும் கேட்டார்.

"போர்ஷன் எங்க கீது?"

"தும்பிக்கை முடிஞ்சிச்சு சார். தொப்பை பாக்கி கீது."

"ஜனவரிக்குள்ள முடிச்சுடு. அப்பதான் ரிவிஷனுக்கு டைம் கெடைக்கும்."

பிள்ளையாருக்கு என்ன ரிவிஷன் என்று அந்தச் சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டு அன்று முழுக்க யோசித்ததாகக் கேள்வி.

தொண்ணூறுகளின் நடுவில், பட்டறைகள் முடிந்து சவுக்குத் தோப்பு தொடங்குகிற இடத்தில் இருந்த அந்த அரசுப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தேன். கணக்குக்கு நாங்கள் இரண்டே பேர். பத்தாம் வகுப்பு அவருக்கு. எட்டும் ஒன்பதும் எனக்கு. என் கணக்கு ஞானத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடையைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி நடந்து கேள்விக்கு வந்து சேர்கிற வகை. வீட்டிலும் சரி, படித்த கல்லூரியிலும் சரி, என்னைப் பற்றி எல்லாரும் ஒருமுகமாகச் சொன்ன வார்த்தை "இடைஞ்சல்". நான் வாத்தியாரான செய்தி கேட்டு என் பழைய கணக்கு வாத்தியார் ஒரு வாய் தண்ணீர் கேட்டாராம்.

முதல் நாளே போர்ஷன் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உடம்பு எப்படி? அடிக்கடி சளி புடிக்குமா?"

அக்கறை என்று நினைத்து உருகிவிட்டேன். "மழை வந்தா புடிக்கும் சார்."

"நல்லது. லீவு போடற அன்னிக்குக் காலையில எனக்குச் சொல்லிடு. உன் பீரியட நான் எடுத்துக்கறேன்."

மற்ற ஆசிரியர்களின் பீரியடை அவர் எடுத்துக்கொள்வதை எந்தச் சட்டப் புத்தகத்தில் பார்த்தாலும் கொள்ளை என்றுதான் போட்டிருக்கும். ஓவிய ஆசிரியர் தும்மினால் மூன்றாவது பீரியட் போயிற்று. தையல் டீச்சரின் மகளுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் சாக்பீஸோடு இவர் அந்த வகுப்பு வாசலில் நிற்பார். எல்லாரையும்விட அதிகம் இழந்தவர் விளையாட்டு ஆசிரியர், பி.டி. மாஸ்டர்.

"இன்னா சார் இது, புள்ளைங்க ஓடவே வேணாவா?" என்று அவர் ஒருநாள் மைதானத்திலேயே மறித்தார்.

"ஓடட்டும் மாஸ்டர். யாரு வேணான்னது? ஓடினதுக்கு வேகம் இவ்ளோ, நேரம் இவ்ளோன்னு வரைபடம் போடட்டும்."

உண்மையிலேயே ஓட விட்டார். இரண்டு சுற்று ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகள் வரைபடத் தாளில் புள்ளி வைத்தார்கள். மாஸ்டர் விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் அவருடைய ஆண்டுத் திட்டம் தயாராகிவிடும். எங்களுடையதெல்லாம் போன வருடத் திட்டத்தில் தேதியை மட்டும் மாற்றி எழுதியவை. அவருடையது நகைக்கடைக் காலண்டர்களின் பின்பக்கத்தை ஒட்டி ஒட்டிச் செய்த, ஓர் ஆள் நீளத்துக்குச் சுருள். பாடத்தின் பெயர், எத்தனை நாள், எந்தத் தேதி என்று கட்டம் கட்டமாகப் போகும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு "இடைஞ்சல்". திட்டத்தின் உயிரே அங்கேதான் இருந்தது. ஐப்பசி மழைக்கு ஆறு நாள். வாக்காளர் பட்டியல் வேலைக்கு மூன்று நாள். மாசி மகத்துக்குக் கடற்கரையில் கூட்டம் கூடும்போது பாதி வகுப்பு பொரி விற்கப் போய்விடும், அதற்கு இரண்டு நாள். தலைவர்கள் யாராவது காலமானால் விடுமுறை விடுவார்களே, அதற்கும் இரண்டு நாள் ஒதுக்கி வைத்திருந்தார். நான் சேர்ந்த வருடம் எல்லாத் தலைவர்களும் திடகாத்திரமாக இருந்துவிட்டார்கள்.

"ரெண்டு நாள் மிச்சமாயிடுச்சுபா," என்று பிப்ரவரியில் அவர் சொன்னபோது, குரலில் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதற்குக் காரணம் திரிகோணமிதி என்பது ஆசிரியர் அறையின் ஏகமனதான முடிவு. பெண் வீட்டார் தை மாதம்தான் வருவார்கள். அவர் தை மாதம் திரிகோணமிதி ரிவிஷனில் இருப்பார். "மார்ச் முடியட்டும், பாக்கலாம்" என்பார். மார்ச் முடிந்தால் விடைத்தாள் திருத்தப் போக வேண்டும். மே மாதம் வெயில். ஜூனில் புதுச் சுருள். இப்படியே ஐம்பத்து நான்கு வயது. திருக்கழுக்குன்றத்தில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார். நான் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் இன்னோர் அறையில் இருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பஸ்தான். அவர் பாதி வழியில் இறங்கிவிடுவார், நான் கடைசி வரை போவேன். பேச்சுத்துணைக்கு என் அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அதுவும் நின்றுபோன கடிகாரம்.

கணக்கில் எனக்கு வந்த ஒரே சந்தேகத்தை இங்கே சொல்ல வேண்டும். இத்தனை பீரியடைக் கொள்ளையடிக்கிற மனிதருக்கு அக்டோபரிலேயே பாடம் முடிந்திருக்க வேண்டாமா? ஒவ்வொரு வருடமும் மார்ச் வரை "இன்னும் மீதி கீது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வருடம் விளையாட்டாக, என் பாடக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில், அவர் அடித்த பீரியடுக்கெல்லாம் ஒவ்வொரு கோடாகப் போட்டு வந்தேன். தீபாவளிக்குள் அறுபதைத் தாண்டிவிட்டது. அறுபது பீரியடில் ஒரு மனிதன் புத்தகத்தை முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை நடத்திவிடலாம்.

துப்பறியும் ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஒருநாள் அவர் ஓவிய பீரியடைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனதும், ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. அவர் மட்டும்தான் பார்க்கவில்லை. அவர் கையில் சொந்த ஊரான சேயூரிலிருந்து வாங்கிவந்த கடலை மிட்டாய், செங்கல் மாதிரி ஒரு கட்டி.

"அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா எவ்ளோ?"

கடைசி பெஞ்ச் ஜெயக்கொடி எழுந்தாள். அப்பா படகுக்குப் போகிறவர். "அஞ்சுல ரெண்டு சார்."

மேலே இருந்த ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு, கீழே இருந்த இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து. பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் கூட்டுவார்கள். புத்தகமோ திரிகோணமிதியில் இருந்தது.

சார் திட்டவில்லை. மிட்டாயில் சரிபாதி உடைத்து அவள் கையில் கொடுத்தார். "இது அரை. இப்ப மூணுல ஒரு பங்கு இன்னும் தர்றேன். உங்கிட்ட கூடுமா, கொறையுமா?"

"கூடும் சார்."

"நீ சொன்ன அஞ்சுல ரெண்டு, அரையவிடக் கம்மியாச்சே. நான் மிட்டாய் குடுக்கக் குடுக்க உன் கையில கொறஞ்சுகினே போவுதே. எங்க போவுது?"

"நீங்க துன்றீங்க சார்," என்றாள் ஜெயக்கொடி. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பிறகு மிட்டாயை ஆறு துண்டாக்கி, மூன்றையும் இரண்டையும் சேர்த்து, ஆறில் ஐந்தைக் கண்ணால் பார்க்க வைத்தார். பார்த்த பிறகு அந்த ஐந்தும் வகுப்பின் வயிற்றுக்குள் போயிற்று. ஆறாவது துண்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். திரும்பிப் பார்க்காமலே, "இந்தாபா, உனக்கும் பின்னம் கொஞ்சம் வீக்குதான்," என்றார்.

கொள்ளையடித்த அறுபது பீரியடும் போன இடம் தெரிந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பின்னத்தைப் பத்தாம் வகுப்பில் நடத்தத் திட்டத்தில் இடம் கிடையாது, பதிவேட்டிலும் எழுத முடியாது. அதனால் திருட்டுத்தனமாக நடத்தினார்.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. புத்தகத்தில் மற்ற பாடமெல்லாம் நவம்பரில் முடிந்துவிட்டது. கடைசிப் பாடமான நிகழ்தகவில், கடைசிப் பயிற்சியில் எட்டே எட்டுக் கணக்குகள் மட்டும் மீதி. பகடை உருட்டுகிற, சீட்டு எடுக்கிற சுலபமான கணக்குகள். முப்பது நிமிட வேலை. அவற்றை அவர் தொடவே இல்லை.

அந்த வருடம்தான் புதுத் தலைமையாசிரியை வந்திருந்தார். கண்ணாடிக்கு மேலே பார்ப்பார், யாராக இருந்தாலும் எழுந்து நின்றுவிடுவார்கள். ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். போர்ஷன் சாரின் பதிவேடு மேசையில் விரிந்து கிடந்தது.

"நிகழ்தகவு ஏன் சார் முடியல?"

"ஒரு பயிற்சி மீதிங்க மேடம்."

"மூணு வாரமா அதே ஒரு பயிற்சிதான் மீதி. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னாடி போர்ஷன் முடிஞ்சாகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிங்க. இல்லன்னா ஜனவரியிலேருந்து டென்த் இவருக்கு." பேனாவால் என்னைக் காட்டினார்.

பத்தாம் வகுப்பை என்னிடம் கொடுப்பது, நீந்தத் தெரியாதவனிடம் படகைக் கொடுப்பது போல. இதை மேடத்திடம் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். மூடிக்கொண்டேன். போர்ஷன் சார் பதிவேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று ஆறு மணி பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "எட்டுக் கணக்கு சார். நாளைக்கே போட்டுத் தள்ளுங்க."

"போட்டா முடிஞ்சிடும்லபா."

"முடியத்தானே சார் வேணும்?"

அவர் சாலையைப் பார்த்தார். பஸ் வருகிற அறிகுறி இல்லை. "ஊர்ல பேசி வச்சது உனக்குத் தெரியும்ல. போர்ஷன் முடியறவரைக்கும்தான் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ். அதுக்கப்புறம் புள்ளைங்க நாலரைக்கு வூட்டுக்குப் போவணும், பட்டறையில அப்பனுக்குக் கை ஒத்தாசைக்கு. முடிஞ்சிச்சின்னா நாலரைக்கு வகுப்பு காலி."

"அப்ப நீங்களும் நாலே முக்கால் பஸ்ஸுக்குப் போலாமே சார்."

"பஸ் கீது," என்றார். பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, "போயி இன்னா பண்றது?" என்றார்.

இத்தனை வருடமாக அந்த மனிதரைக் கிண்டலடித்துக்கொண்டு நானும் அதே ஆறு மணி பஸ்ஸுக்குத்தான் நின்றுகொண்டிருந்தேன். என் வகுப்பு நாலரைக்கே முடிந்துவிடும். நாலே முக்கால் பஸ்ஸில் செங்கல்பட்டுக்கு இருக்கைகூடக் கிடைக்கும். நான் ஏன் போகவில்லை என்று யாரும் கேட்டதில்லை, நல்லவேளை.

அந்த வாரம் நான் வாழ்நாளில் முதல் முறையாக ஓர் ஆண்டுத் திட்டத்தைச் சொந்தமாக எழுதினேன். இரண்டு கணக்கு ஆசிரியர்களுக்கும் சேர்த்துப் பொதுத் திட்டம் என்று தலைப்புப் போட்டு, சிவப்பு மையில் கோடு கிழித்து, நடுவில் ஒரு வரி நுழைத்தேன்: "குறைதீர் கற்பித்தல்: அடிப்படைப் பின்னங்கள். தினமும் மாலை ஐந்தே முக்கால் வரை. பொதுத்தேர்வுக்கு முந்தைய நாள் முடிய." சிவப்புக் கோட்டுக்கு அரசாங்கத்தில் இருக்கிற மரியாதை எனக்குத் தெரியும். மேடம் இரண்டு முறை படித்தார்.

"விருப்பப்பட்டவங்க மட்டும் வரலாம். கட்டாயப்படுத்தக் கூடாது," என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை போர்ஷன் சார் அந்த எட்டுக் கணக்குகளைப் போட்டார். நானும் ஜன்னல் பக்கம் நின்றேன். ஏழாவது வரை வழக்கமான வேகம். எட்டாவதை மட்டும் கரும்பலகை முழுக்க, பெரிய பெரிய எழுத்தில், படிப்படியாக எழுதினார். எழுதி முடித்துக் கீழே இரட்டைக் கோடு இழுத்தார். போர்ஷன் முடிந்து பார்த்திராத வகுப்பு கைதட்டியது. அவர் சாக்பீஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை நாலரை மணி. மணி அடித்தது. கட்டாயமில்லை என்றதும் பத்தாம் வகுப்பு, திறந்துவிட்ட மதகு மாதிரி கேட்டைத் தாண்டி ஓடியது. போர்ஷன் சார் காலி வகுப்பில் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் கைக்குட்டையால். பிறகு டஸ்டரால். துடைத்ததெல்லாம் மறுபடி வெள்ளையாகிவிட்டது. மேசையில் மிட்டாய்க் கட்டி பிரிக்காமல் இருந்தது.

நாலு முப்பத்தைந்துக்கு ஜெயக்கொடி பையோடு திரும்பி வந்தாள். இதற்குள் பின்னத்தில் வகுப்புக்கே பாடம் எடுக்கிற அளவுக்கு ஆகியிருந்தாள்.

"நீ இன்னாத்துக்கும்மா? உனக்குதான் எல்லாம் வருதே."

"டவுட் சார்."

"எதுல?"

அவள் மிட்டாயைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "டவுட் வந்தப்புறம் சொல்றேன் சார். மத்தவங்களும் வந்துகினு கீறாங்க."

மற்றவர்கள் என்றால் நான்கு பேர். ஆறாவதாகக் கடைசி பெஞ்சில் போய் நான் உட்கார்ந்தேன். "எனக்கும் பின்னம் கொஞ்சம் வீக்கு சார்," என்றேன். நாற்பது பேர் உட்கார்ந்த இடத்தில் ஆறு பேர். அவர் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். மிட்டாயை எடுத்தார், சரியாக ஆறாக உடைத்தார். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஜெயக்கொடி தன் துண்டில் பாதியைக் கடித்து உடைத்து அவருக்கு நீட்டினாள்.

"இப்ப உங்க கையில எவ்ளோ சார்?" என்று கேட்டாள்.

"பன்னெண்டுல ஒண்ணு," என்றார் அவர், கொஞ்சம் யோசித்துவிட்டு.

அடுத்தடுத்த நாட்களில் கூட்டம் பொங்கி வழிந்தது என்று எழுத ஆசைதான். ஒரு நாள் ஒன்பது பேர், ஒரு நாள் மூன்று பேர். மழை நாளில் நான் மட்டும். ஆனால் ஐந்தே முக்கால் வரை அந்த அறையில் விளக்கு எரிந்தது. பத்தாம் வகுப்பும் அவரிடமே இருந்தது. நாலு வருடத்தில் ஓய்வு பெற்றார். விழாவில் மேடையில் நின்று, "இன்னும் மீதி கீது," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஊருக்கே, சேயூருக்கே போய்விட்டார்.

போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே, இரண்டு வருடம் கழித்துத்தான் போனேன். நவம்பர் கடைசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதவு திறந்தே இருந்தது. அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. சுவரில் காலண்டர்களின் பின்பக்கத்தை ஒட்டிய நீளச் சுருள். ஓய்வு பெற்ற மனிதருக்கு என்ன ஆண்டுத் திட்டம் என்று கிட்டே போய்ப் பார்த்தேன். துணி துவைப்பது, மருந்து வாங்குவது, தபால் ஆபீஸ், தலைமுடி வெட்டுவது என்று ஜூனிலிருந்து மார்ச் வரை தேதி போட்டு எழுதியிருந்தார். கடைசிக் கட்டம் வழக்கம்போல "இடைஞ்சல்". அது மேலிருந்து கீழ் வரை வெள்ளையாக இருந்தது. ஒரு மழைகூட எழுதவில்லை.

அவர் தண்ணீர்ச் செம்போடு உள்ளேயிருந்து வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போர்ஷன் எங்க கீது?"

பத்தாம் வகுப்பு இப்போது என்னிடம். வகுப்பு நடத்திய விதத்தை விட்டுவிடுங்கள், அந்த வாரம் புதன்கிழமையே புத்தகத்தை முடித்து இரட்டைக் கோடு இழுத்திருந்தேன்.

"நெறைய மீதி கீது சார்," என்றேன். "ஒரு ஞாயித்துக்கிழமையில முடியற கதையில்ல."

"நெனச்சேன்," என்றார். நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். சுருளிடம் போய், அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நேராக, "இடைஞ்சல்" கட்டத்தில் என் பெயரை எழுதினார். நான்கு முறையும் முழுப் பெயர், இனிஷியலோடு.

என்னை இடைஞ்சல் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அதை எழுதி வைத்துக்கொண்டு நான் வருவதற்குக் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.